வினோதினியின் குளிர்ப் பங்கு

வினோதினி அந்த அறையை விட்டு வெளியே வந்து முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இடையில் குளியலறைக்குப் போய்வந்தது கணக்கில் சேராது. அதற்கு நான்கு நிமிட அவகாசம் உண்டு. அதற்குள் அவள் திரும்பாவிட்டால் சுவரில் இருக்கும் ஏசி ஒருமுறை கனைத்துவிட்டு நின்றுவிடும். பிறகு அவள் வந்து உட்கார்ந்து, அவள் மணிக்கட்டுப் பட்டையை அது அடையாளம் கண்டு, மறுபடி ஓடத் தொடங்க இருபது நிமிடம் பிடிக்கும். வேலூரில், சித்திரை மாதத்துப் பகலில், இருபது நிமிடம் என்பது தண்டனை.

அவள் தலைக்குக் குளிக்கும் நாள்களில் எதிர்வீட்டுப் பேபி அக்கா குளியலறைக் கதவைத் தட்டுவாள்.

"மூணு நிமிஷம் ஆயிடுச்சும்மா! சீயக்காய அப்புறம் அலசிக்கலாம், வா!"

அறை சின்னது. அப்பா தட்சிணாமூர்த்தி சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். பேபி அக்காவின் தையல் மிஷின் கட்டிலை ஒட்டி இருந்தது. மூன்று வருடமாக அவள் அங்கேதான் ரவிக்கை தைக்கிறாள். கீழ்த்தளத்து மளிகைக்கடை அண்ணாச்சியின் தயிர் பாக்கெட்டுகள் ஒரு மூலையில் அடுக்கியிருக்கும். வெயில் ஏறினால் மாடிவீட்டுக் கைக்குழந்தையும் அதன் அம்மாவும் வந்துவிடுவார்கள்.

வினோதினியின் இடம் மேற்கு ஜன்னலை ஒட்டி. கண்ணாடி வழியாக வெயில் முதுகில் சுடும் இடம். யாரும் விரும்பாத அந்த இடத்தை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நல்ல இடத்தயெல்லாம் நமக்கு உட்டுட்டு அது போய் வெயில்ல குந்திக்கீது பாரு. மனசுன்னா அதான் மனசு" என்று பேபி அக்கா எல்லோரிடமும் சொல்வாள்.

வினோதினி கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே கொடுத்து உட்கார்ந்திருப்பாள்.

*

குளிர்ப் பங்கீடு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முந்தைய கோடையில் மாவட்டத்தில் நிறையப் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பருமனானவர்கள் அதிகம் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. அது பொய் இல்லை. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு உடம்பின் சூட்டை எளிதில் வெளியே விடாது. வெளியே நாற்பத்தாறு டிகிரி அடிக்கும்போது உள்ளே உண்டாகும் சூடு போக வழியில்லாமல் தேங்கும். ஆகவே இருக்கிற மின்சாரத்தை உடம்பில் இருக்கும் கொழுப்புக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பது என்று முடிவானது. வருடத்துக்கு ஒருமுறை கொழுப்பை அளந்து ஒரு எண் கொடுத்தார்கள். எண் முப்பத்தைந்தைத் தாண்டினால் நாள் முழுக்க இலவசக் குளிர். எண் ஏற ஏற அறையின் வெப்பம் இறங்கும். ரிமோட் கிடையாது. குறைக்கவோ கூட்டவோ முடியாது. அந்த உடம்பு எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையில் மட்டும் ஏசி ஓடும்.

பள்ளியில் அவளுக்குப் பூசணி என்று பெயர். கல்லூரியில் யாரும் பெயர் வைக்கவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் இருந்தார்கள். முதல் அளவீட்டில் முப்பத்தாறு என்று வந்ததும் தெருவே வீட்டுக்கு வந்தது. அண்ணாச்சி அவளைக் குளிர்லட்சுமி என்றார். அம்மா சகுந்தலா அன்று இரவு அவளுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். அந்த வருடம் அறை இருபத்து நான்கு டிகிரியில் இருந்தது.

தாவரவியல் முடித்து, காட்பாடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். எட்டு மாதம் போனாள். நடந்து போய் நடந்து வருவாள். அந்த எட்டு மாதமும் அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஒரு வைகாசிப் பகலில் அப்பா வீட்டில் மயங்கி விழுந்தார். இதயம் பலவீனம், சூடு ஆகாது என்றார்கள். அப்பாவின் எண் பதினான்கு. பதினான்குக்கு ஒரு மின்விசிறிகூடக் கிடையாது.

மறுநாள் அவள் ராஜினாமா எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

உட்கார்ந்தே இருந்ததில் எண் ஏறியது. போன வருடம் நாற்பத்தொன்று. அறை இருபது டிகிரி.

*

அளவீட்டுக்கு முந்தைய மாதம் அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. குளிர் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு வீடும் குளிர் கொடுக்கும் உடம்புக்கு ஏதாவது கொண்டுவந்து தர வேண்டும். மாடிவீட்டிலிருந்து நெய் வரும். அண்ணாச்சி முந்திரி கொடுப்பார். பேபி அக்கா ஆற்காட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைத்து, பாகில் ஊறிய மக்கன் பேடா வாங்கி வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒரு டப்பாவோடு வந்தாள்.

"இன்னாமா, இன்னிக்கி நம்பர் அளக்கற மிஷின்காரம்மா வராங்கோ. கடைசியா ரெண்டு உள்ள தள்ளு."

"வேணாங்க்கா."

"வேணாமா? நாப்பத்தொண்ணுல நின்னா போதுமா?"

"நேத்தே நாலு சாப்பிட்டேன்."

"நாலு இன்னாத்துக்கு ஆவும்? கம்முனு வாயத் தொற."

வினோதினி வாயைத் திறக்கவில்லை. பேபி அக்கா பேடாவை அவள் உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பேபி அக்கா அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"என் நம்பர் பதினாறு. நான் தின்னு இன்னா புண்ணியம்?" என்று மென்றபடியே சொன்னாள். "அது சரி, கல்யாணம் கட்டிகினு நீ பூட்டீனா எங்க கதி இன்னா?"

அன்று வினோதினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏலகிரி அடிவாரத்தில் காளான் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். ஜாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரி தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். அளவெடுக்க வரும் அதிகாரியையும் அதே நாளில் வரச் சொல்ல வேண்டும். எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு தட்டு மாற்றிக்கொள்ளலாம். போன மாதம் அவளுடைய சொந்தத்தில் ஒரு வீட்டில் முப்பத்தெட்டு என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு அளந்தால் முப்பத்து மூன்றாம்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான பேச்சு என்றாள்.

*

பத்து மணிக்கு வந்தார்கள். கஸ்தூரி, மாப்பிள்ளை பிரேம்நாத், ஒரு பெரிய தாம்பாளம். பிரேம்நாத் ஒல்லியாக, உயரமாக இருந்தான். அறைக்குள் காலை வைத்ததும் மூவருமே ஒரு பெருமூச்சு விட்டார்கள், தாம்பாளமும் சேர்ந்து விட்டதுபோல் அதிலிருந்த வெற்றிலை லேசாக அசைந்தது.

"அப்பாடா" என்றாள் கஸ்தூரி. "ஊட்டி தோத்தது போங்க. சம்பந்தியம்மா, இத விட்டுட்டு நீங்க எப்படி இருக்கப் போறீங்க?"

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. பேபி அக்கா மிஷினை வேண்டுமென்றே வேகமாக ஓட்டினாள்.

காபி குடித்தார்கள். கஸ்தூரி வினோதினியின் கையைப் பிடித்துப் பார்த்தாள், ஜவுளிக்கடையில் துணியைப் பார்ப்பதுபோல. பிறகு உரக்கச் சொன்னாள்:

"சரி, பொண்ணும் பையனும் தனியா ரெண்டு வார்த்த பேசட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி ஏசியைப் பார்த்தாள். மாடிவீட்டுப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பேபி அக்கா ரவிக்கைக்கு ஊக்கு தைக்கத் தொடங்கினாள். அவள் போவதாக இல்லை.

"நாங்க காத மூடிக்கிறோம், நீங்க பேசுங்க" என்றாள்.

"நான் மாடிக்குப் போறேன்" என்றாள் வினோதினி. அன்று அவள் எல்லோர் முன்னாலும் பேசிய முதல் வாக்கியம் அது.

"மொட்டை மாடிக்கா? இந்த வெயில்லயா?" அம்மா பதறினாள். "ஏசி நின்னுடும்டி."

"நிக்கட்டும்மா."

அவள் எழுந்து நடந்தாள். பிரேம்நாத் ஒரு நொடி தயங்கி, அவன் அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

*

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் கறுப்புப் பிளாஸ்டிக் தொட முடியாத அளவு சுட்டது. வினோதினி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்களை மூடினாள். தோள்கள் மெல்லத் தளர்ந்தன. தொலைவில் கோட்டைச் சுவர் கானலில் ஆடியது.

பிரேம்நாத் குடையை விரித்து அவளுக்கும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு வேர்க்கவே இல்லையே" என்றான். அவன் சட்டை அதற்குள் நனைந்திருந்தது.

"கொஞ்சம் நேரம் ஆகும்."

"எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க. சீக்கிரம் சொல்லிடறேன். எதையும் மறைக்க வேணாம்னு பாக்கறேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நாங்க போடறது பட்டன் காளான். அதுக்கு இருபது டிகிரிக்கு மேல ஆகாது. தொழில் மின்சாரம் வாங்கிக் கட்டுப்படி ஆகல. வீட்டுப் பங்குன்னா இலவசம்."

"உங்க பண்ணை வீடு இல்லியே."

"ஷெட்டுக்குள்ள ஒரு கட்டில் போட்டு, ஒரு சாமி படத்த மாட்டிட்டா வீடுதான். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"நான் ஷெட்ல இருக்கணும்."

"பகல்ல மட்டும்."

"என்ன வேலை செய்யணும்?"

"வேலையெல்லாம் எதுக்கு? சும்மா இருந்தாப் போதும். டிவி வச்சுத் தரேன்."

"எனக்குக் காளான் விதை தயாரிக்கத் தெரியும். படிச்சிருக்கேன். காலேஜ் லேப்ல பண்ணியிருக்கேன்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. "விதையா? அது ஓசூர்லேருந்து வாங்கறோமே" என்றான். பிறகு, அவள் மனம் நோகக்கூடாது என்று, "பாப்போம்" என்று சேர்த்துக்கொண்டான். கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"நீங்க ஷெட்டுக்குள்ள போறப்ப என்ன போட்டுக்குவீங்க?"

"ஸ்வெட்டர்தான். குல்லாகூட. நான் ஒல்லி பாருங்க, அஞ்சு நிமிஷத்துல பல்லு தந்தியடிக்கும்."

"எனக்கு?"

அவன் சிரித்தான். கேலி இல்லாத, வெள்ளையான சிரிப்பு.

"உங்களுக்கு எதுக்குங்க?"

வினோதினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. மீனிடம் யாராவது குடை வேண்டுமா என்று கேட்பார்களா என்பதுபோல் இருந்தது அந்த முகம்.

கீழிருந்து பேபி அக்காவின் குரல் வந்தது.

"வினோம்மா! ஏசி பூட்ச்சு! அப்பாவுக்கு வேர்க்குது!"

அடுத்து கஸ்தூரியின் குரல்: "டேய் பிரேமு, பேசுனது போதும், பொண்ணக் கீழ அனுப்பு!"

படியில் பாதி வழியில் அம்மா எதிரே வந்தாள். அவசரத்தில் வினோதினியின் கையைப் பிடித்து இழுத்தவள், நின்றுவிட்டாள்.

"என்னடி இது, கை வெதுவெதுன்னு இருக்கு?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அம்மாவுக்குத் தெரிந்தது போலிருந்தது. கையை விட்டுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனாள். வினோதினி அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவள் கை எப்போதும் சில்லிட்டிருக்கும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

*

அளவீட்டாளர் ஃபர்சானா பதினொன்றரைக்கு வந்தாள். வாணியம்பாடிக்காரி. தோளில் ஒரு பெட்டி, கையில் டேப்லெட், கழுத்து வரை வேர்வை.

"ரெண்டு நிமிஷம் ஏசிகிட்ட உக்காந்துக்கறேங்க. இன்னிக்கு இது ஆறாவது வீடு" என்றாள். ஏசி அப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"உங்க நம்பர் என்னம்மா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"பத்தொம்போது. அளக்கறவளுக்கு ஒரு ஃபேன்கூட இல்ல."

பெட்டியைத் திறந்து இரண்டு கைப்பிடிகளை வினோதினியிடம் கொடுத்தாள். வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினாள். இயந்திரம் மெல்ல முனகியது. அறையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"நாப்பத்திரண்டு" என்றாள் ஃபர்சானா.

கஸ்தூரி கைகொட்டினாள். "நாப்பத்திரண்டு! என் ஓரகத்தி மருமக முப்பத்தேழுக்கே அந்த ஆட்டம் ஆடறா. பிரேமு, தட்ட எடுடா." பிரேம்நாத் தாம்பாளத்தை நோக்கிக் குனிந்தான். பேபி அக்காவுக்கு சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

"பத்தொம்போது டிகிரி வரும் இனி" என்றபடி ஃபர்சானா டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போனாள். "பேரு... வயசு இருபத்தாறு... எண் நாப்பத்திரண்டு... உணர்வு, வெப்பம்... முடிஞ்சது. ஒரு கைரேகை வைங்க."

"என்ன உணர்வு?" என்று கேட்டாள் வினோதினி.

"அது ஒண்ணுமில்லங்க. ஃபார்மாலிட்டி."

"அக்காவ மட்டும் போன வருஷம் கேட்டீங்களே."

"ஆமா, என்னக் கேட்டாங்கோ" என்றாள் பேபி அக்கா. "வெப்பமா இருக்குதா, குளிரா இருக்குதான்னு. நான் வெந்து சாவறேன்னு கத்துனேன். அப்பவும் ஒண்ணும் குடுக்கல, அது வேற விஷயம்."

"என்னை ஏன் கேக்கல?"

ஃபர்சானா நிமிர்ந்தாள். "முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கறவங்கள நாங்க கேக்கறதில்லங்க."

"சட்டத்துல அப்படி இருக்கா?"

"சட்டத்துல எல்லாரையும் கேக்கணும். ஆனா உங்க நம்பருக்குக் கேக்க என்ன இருக்கு? கொழுப்புங்கறது உடம்புக்குள்ள ஒரு போர்வை மாதிரி. சூட்ட வெளிய விடாது. போர்வை போத்திட்டு இருக்கறவங்ககிட்ட வேர்க்குதான்னு கேப்பாங்களா?"

"போர்வை உள்ள இருக்குங்க" என்றாள் வினோதினி. அவள் இவ்வளவு பேர் முன்னால் பேசியதே இல்லை. "தோல் அந்தப் போர்வைக்கு வெளிய இருக்கு. உள்ள இருக்கற சூடு தோலுக்கு வராது. நமக்கு முதல்ல தெரியறது எல்லாம் தோல் சொல்றதுதான். தோல் சொல்றது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணு. நடந்தா, வேலை செஞ்சா, தசை சூடு உண்டாக்கும். உக்காந்தே இருந்தா அதுவும் இல்ல. உங்க மிஷின் போர்வையோட கனத்தத்தான் அளக்குது."

அறையில் தையல் மிஷின் நின்றிருந்தது.

"என்ன பேசுது இந்தப் பொண்ணு?" என்றாள் கஸ்தூரி. "பிரேமு, என்னடா சொன்ன மாடியில?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றான் பிரேம்நாத். அவன் வினோதினியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கைகளை, முழங்கைக்கு மேலே எழும்பி நின்ற மயிர்க்கால்களை, முதல்முறையாகப் பார்த்தான். பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"கேளுங்க" என்றாள் வினோதினி.

ஃபர்சானா தணிந்த குரலில் பேசினாள். "இங்க பாருங்கம்மா. வெப்பம்னா இப்ப இருக்கறபடியே இருக்கும். குளிர்னு பதிவாச்சுன்னா எண் எவ்வளவு இருந்தாலும் பங்கு நின்னுடும். இன்னிக்கே. நான் மாத்த முடியாது, உங்க குரலும் பதிவாகும். எதுக்கு வம்பு? நான் கேக்கல, நீங்க சொல்லல. கைரேகை வைங்க."

"எனக்குப் பங்கு இல்லன்னா அப்பாவத் தனியாப் பாப்பீங்களா?"

ஃபர்சானா நாற்காலியில் படுத்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுல முப்பத்தஞ்சுக்கு மேல ஒருத்தர் இருந்தா மத்தவங்க வயசு, வியாதி எதையும் பாக்க மாட்டோம். இல்லன்னா மனு போடலாம். ரெண்டு மூணு மாசம் ஆகும். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மூணு மாசமா?" பேபி அக்கா எழுந்தே விட்டாள். "கத்திரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லமா! கொழந்த கீது, பெரியவரு கீறாரு... வினோம்மா, உனுக்கு இன்னா வேணும் சொல்லு. பேடா வேணாமா, வேணாம். நாங்க வரதே புடிக்கலியா? சொல்லு, வரல."

"நீங்க வாங்கக்கா. உங்கள ஒண்ணும் சொல்லல."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"வினோ, உக்காரு" என்றாள் அம்மா. குரல் கண்டிப்பாக ஆரம்பித்து, பாதியில் கெஞ்சலாகிவிட்டது. "அப்பாவ நெனச்சுப் பாரு. அன்னிக்கு நீ வீட்ல இல்லாததாலதான்..."

அந்த வாக்கியத்தை அம்மா இதற்கு முன் முடித்ததில்லை. இன்றும் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வினோதினியைப் பார்த்தார்கள். ஆறு வருடமாக அவர்கள் அவளை அன்போடுதான் பார்த்தார்கள். நெய்யும் முந்திரியும் அன்போடுதான் வந்தன. அந்த அன்பில் யாரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அதை மறுத்துப் பேச அவளுக்கு இதுவரை ஒரு சொல்லும் கிடைத்ததில்லை.

வினோதினி உட்காரவில்லை. வயிற்றில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்து ஃபர்சானாவிடம் கொடுத்தாள். மேற்கு ஜன்னலை ஒட்டிய தன் இடத்தையும், எல்லோருக்கும் நடுவில் இருந்த வெறும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். நடுவில் வந்து நின்றாள். ஏசிக் காற்று நேராக அவள் மேல் விழுந்தது.

"நான் பொய் எழுதச் சொல்லி உங்களக் கேக்கல" என்றாள் ஃபர்சானாவிடம். "நீங்கதான் எழுதிட்டீங்க. அத அழிச்சிட்டு என்னைக் கேளுங்க."

"கேக்காதம்மா நீ" என்றாள் கஸ்தூரி. "நல்ல காரியம் நடக்கற நேரத்துல..."

"கேளுங்க."

அப்பா நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் முப்பது வருடம் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தவர். அதிகம் பேசமாட்டார். மகள் நிற்பதைப் பார்த்தார்.

"கேளும்மா" என்றார் ஃபர்சானாவிடம்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா.

"ஊரெல்லாம் வந்து உக்கார்றாங்க. ஒருத்தர்கூட அவளக் கேட்டதில்ல, சகுந்தலா. நான் கேக்கல. நீ கேட்டியா?"

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஃபர்சானா டேப்லெட்டைக் கையில் எடுத்தாள். எழுதியிருந்ததை அழிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த இடத்தை அதுவரை அவள் திருத்தியதே இல்லை. பதிவு ஆரம்பித்ததற்கு அடையாளமாக ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அலுவலகக் குரலில், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் கேட்டாள்.

"தட்சிணாமூர்த்தி மகள் வினோதினி. இந்த அறையில் தற்போது தாங்கள் உணர்வது வெப்பமா, குளிரா?"

தாம்பாளத்தைப் பிடித்தபடி பிரேம்நாத் நின்றிருந்தான். மாடிவீட்டுக் குழந்தை தூக்கத்தில் ஒருமுறை சிணுங்கி அடங்கியது.

"குளிருது" என்றாள் வினோதினி. "எனக்கு இங்க ஆறு வருஷமா குளிருது."